பஞ்சம் இல்லாத படம்: ‘வாழ்தல்’ பற்றிச் சில குறிப்புகள்

சீனப் புரட்சி பற்றிப் பேச்செழும் போதெல்லாம் எம்மிடையே யாராவது ஒருவர் கட்டாயம் ‘வாழ்தல்’ திரைப்படத்தைக் குறிப்பிடுவார். ஜாங் யீமோ இயக்கி 1994இல் வெளிவந்த படம். அவ்வாண்டு கான் திரைப்பட விழாவில் நடுவர் குழுவின் பெரும் பரிசைப் பெற்றது. நாயகன் கெ யூவுக்குச் சிறந்த நடிகர் விருது கிடைத்தது. சீனாவில் படம் தடைசெய்யப்பட்டது. ஒரு படம் தடைசெய்யப்பட்டது என்றதும், அது உண்மை முழுவதையும் சொல்லிவிட்டது என்று நாம் நம்பிவிடுகிறோம். அந்த நம்பிக்கையையே இங்கு கேள்விக்குட்படுத்த விரும்புகிறோம்.

கதை பலர் அறிந்தது. 1940களில் பணக்கார வீட்டுப் பிள்ளை ஃபூகுய் சூதாடி வீட்டை லோங்கர் என்பவனிடம் இழக்கிறான். தோற்பாவைப் பெட்டியுடன் பிழைக்கப் போய், உள்நாட்டுப் போரில் அகப்பட்டு, ஒருவாறு வீடு திரும்புகிறான். புரட்சி வென்றுவிட்டது. வென்ற வீட்டை ஒப்படைக்க மறுத்துத் தீ வைத்த லோங்கர் நிலவுடைமையாளன் என்று சுடப்படுகிறான். ஐந்து வெடிச் சத்தங்கள். வீடு கைமாறாதிருந்தால் அந்த ஐந்தும் தனக்கே விழுந்திருக்கும் என்று உணரும் ஃபூகுய்க்கு நின்ற இடத்திலேயே மூத்திரம் போய்விடுகிறது. ஒருவன் மக்களின் நண்பனா எதிரியா என்பதை ஒரு சூதாட்ட இரவு தீர்மானித்து விட்டது. இதை இவ்வளவு எளிமையாகச் சொன்ன வேறு படத்தை நாம் பார்த்ததில்லை.

ஆனால் படத்துக்கு மூலமான யூ ஹுவாவின் நாவலை வாசித்தபோது வேறொரு சீனா எமக்குத் தெரிந்தது. நாவல் 1992இல் ஷாங்ஹாயின் ‘அறுவடை’ சஞ்சிகையில் வெளிவந்தது. ஆங்கிலத்தில் 2003இல்தான் வந்தது. படத்தைப் பார்த்தபின் பல வருடம் கழித்தே எம்மில் பலர் நாவலைத் தொட்டோம். நாவலின் ஃபூகுய் கூத்துக்காரனல்ல, கமக்காரன். லோங்கரிடம் குத்தகைக்கு எடுத்த ஐந்து மூ நிலம், அதாவது ஒரு ஏக்கருக்கும் குறைவான துண்டு, நிலச்சீர்திருத்தத்தில் அவனுக்கே சொந்தமாகிறது. 1950 யூன் மாத நிலச்சீர்திருத்தச் சட்டம் இப்படிப் பல கோடிக் குடும்பங்களுக்கு நிலம் கொடுத்தது. சில வருடங்களுக்குள் அதே நிலம் கூட்டுறவுக்கும் பின் கொமியூனுக்கும் போயிற்று. கொடுத்த கையே எடுத்துக்கொண்ட இந்தக் கதைக்குப் படத்தில் இடமில்லை. ஏனெனில் படம் ஃபூகுய்யை நகரத்துக்குக் குடிபெயர்த்துவிட்டது.

இந்தக் குடிபெயர்ப்பு சாதாரண திரைக்கதை மாற்றமல்ல. 1958 ஜனவரியில் கொண்டுவரப்பட்ட குடும்பப் பதிவு விதிகள் சீன மக்களை நகரத்தார், கிராமத்தார் என்று சட்டப்படி பிரித்தன. நகரத்தாருக்குப் பங்கீட்டுத் தானியம் இருந்தது. கிராமத்தாருக்கு அரசு கொள்வனவு செய்தபின் மிஞ்சியதே உணவு. அதே வருட முடிவுக்குள் நாட்டின் கமக்காரக் குடும்பங்கள் ஏறத்தாழ முழுவதும் கொமியூன்களுக்குள் வந்துவிட்டன. அதிகாரிகள் விளைச்சலைப் பன்மடங்காக்கி அறிக்கையிட்டார்கள். இல்லாத விளைச்சலுக்கு ஏற்ப இருந்த தானியம் எடுக்கப்பட்டது. 1959 யூலையில் லூஷான் கூட்டத்தின்போது இதையெல்லாம் மாஓவுக்குக் கடிதமாக எழுதிய பாதுகாப்பு மந்திரி பெங் தெஹுவாய் பதவி இழந்தார். அந்த வருடத்தில் மட்டும் சீனா நாற்பது இலட்சம் தொன்னுக்கு மேல் தானியம் ஏற்றுமதி செய்தது. அரசின் சொந்தப் புள்ளிவிபரப்படியே 1960இல் சனத்தொகை ஒரு கோடி குறைந்தது. இறந்தோர் தொகையை ஒன்றரைக் கோடியிலிருந்து நாலரைக் கோடிவரை ஆய்வாளர்கள் பலவாறு மதிப்பிடுகிறார்கள். தன் தந்தையையே அப்பஞ்சத்தில் பறிகொடுத்த பத்திரிகையாளர் யாங் ஜிஷெங், 2008இல் வெளியிட்ட நூலில் 3 கோடி 60 இலட்சம் என்கிறார்.

படத்தில் இந்தப் பஞ்சம் எங்கே? ‘ஐம்பதுகள்’ என்று எழுத்து விழுகிறது. பொதுச் சமையலறையில் நூடில்ஸ் குவிந்து கிடக்கிறது. சின்னப் பையன் யூச்சிங் ஒரு கோப்பை நிறைய அள்ளி, மிளகாயும் சேர்த்து, அக்காவைச் சீண்டிய பையனின் தலையில் கொட்டுகிறான். நாமும் சிரித்தோம். பிறகு ‘அறுபதுகள்’ என்று எழுத்து விழும்போது கலாசாரப் புரட்சி தொடங்கியிருக்கிறது. 1959 முதல் 1961 வரையான வருடங்கள் இரண்டு எழுத்துக்களுக்கும் இடையில் விழுந்து தொலைந்துவிட்டன. புரட்சிக்குப் பின் படத்தில் நாம் காணும் பசித்த மனிதர் ஒருவரே: காவலிலிருந்து வைத்தியசாலைக்கு இழுத்து வரப்படும் பேராசிரியர். அவரும் கொடுத்த ரொட்டிகளை அளவுக்குமேல் தின்று, தண்ணீர் குடித்து, வயிறு ஊதிக் கிடக்கிறார். பக்கத்து அறையில் ஃபெங்சியா பிள்ளைப்பேற்றில் இரத்தம் பெருகிச் சாகிறாள்.

நாவலில் இப்படியில்லை. ஃபூகுய்யின் மனைவி ஜியாசென் நகரத்திலிருக்கும் தகப்பனிடம் போய்ச் சிறு பொட்டலம் அரிசியை நெஞ்சுக்குள் ஒளித்துக் கொண்டுவருகிறாள். கஞ்சி காய்ச்சும்போது கூரைக்கு மேல் எழும் புகை காட்டிக்கொடுத்துவிடுகிறது. ஊரே வாசலில் வந்து நிற்கிறது. அடுப்புப் புகைக்கும் பயப்பட வேண்டிய காலத்தை, புள்ளிவிபரம் எதுவும் இல்லாமலே யூ ஹுவா எழுதிவிடுகிறார்.

மகன் யூச்சிங்கின் சாவையும் எடுத்துப் பார்ப்போம். படத்தில் இரும்புருக்கும் இயக்கத்தால் களைத்து மதிலோரம் தூங்கிய பிள்ளைமேல், அதிகாரியின் வாகனம் மோதிய மதில் சரிந்து விழுகிறது. அது விபத்து. நாவலில் அதிகாரியின் மனைவிக்கு இரத்தம் தேவைப்படுகிறது; பள்ளிப் பிள்ளைகள் அழைக்கப்படுகிறார்கள்; யூச்சிங்கின் இரத்தம் பொருந்துகிறது; பிள்ளை சாகும்வரை எடுக்கிறார்கள். முன்பு நிலவுடைமையாளன் இருந்த இடத்தில் இப்போது யார் இருக்கிறார்கள் என்ற கேள்வியை நாவல் இங்கே கேட்டுவிடுகிறது. படம் அதைச் சுற்றிப் போகிறது. ஃபெங்சியாவின் சாவுக்குக் கலாசாரப் புரட்சியைக் குற்றஞ்சாட்டுவதும் படத்தின் ஏற்பாடே. நாவலில் அதற்குச் செங்காவலர் காரணமல்ல. கலாசாரப் புரட்சியைப் பெருந்தவறென்று 1981இல் கட்சியே தீர்மானம் நிறைவேற்றிவிட்டது. பாய்ச்சலின் தவறுகளையும் அத்தீர்மானம் ஒப்புக்கொண்டது. ஆனால் செத்தவர் தொகையைச் சொல்லவில்லை. கட்சி விரிவாகப் பேசிய இடத்தில் படமும் விரிவாகப் பேசுகிறது. கட்சி சுருக்கிய இடத்தில் படமும் சுருக்கிக்கொள்கிறது. படத்துக்குக் கிடைத்த தடை இதை மறைத்துவிட்டது.

இதனால் படம் பொய்யென்று நாம் சொல்லவரவில்லை. பாவைகள் எரிக்கப்பட்ட வெறும் பெட்டியில் கடைசியில் கோழிக்குஞ்சுகள் விடப்படும் காட்சி நாவலில் இல்லாத அழகு. மகனின் சாவுக்குக் காரணமாகி, பின்னர் தானும் துரத்தப்படும் அதிகாரி சுன்ஷெங்கைப் பார்த்து, எமக்கொரு உயிர் கடன்பட்டிருக்கிறாய், ஆகவே சாகாதே என்ற பொருள்பட ஜியாசென் கூறுமிடத்தில் படமும் நாவலும் ஒன்றாக நிற்கின்றன. ஆனால் நாவலின் சுன்ஷெங் அதற்குப் பிறகும் தூக்கில் தொங்கிவிடுகிறான்.

இதை நாம் ஏன் இவ்வளவு வலியுறுத்துகிறோம்? 1966 ஒக்டோபர் 21இல் சுன்னாகத்திலிருந்து யாழ்ப்பாணம் நோக்கித் தீண்டாமைக்கு எதிரான ஊர்வலம் புறப்பட்டது. சண்முகதாசன் தலைமையிலான சீனச் சார்புக் கட்சியே அதை முன்னெடுத்தது. தேநீர்க்கடைக்குள்ளும் கோயிலுக்குள்ளும் மனிதராய் நுழையும் உரிமைக்காகப் போராடியவர்களுக்கு மாஓவின் பெயர் தைரியம் தந்தது. அதே மாதங்களில் அதே பெயரால் சீனத்தில் ஆசிரியர்கள் கழுத்தில் அட்டை தொங்கவிடப்பட்டு அடிக்கப்பட்டார்கள். முன்னையதைச் சொல்லிப் பின்னையதை மறைப்பவர்களையும், பின்னையதைச் சொல்லி முன்னையதை இகழ்பவர்களையும் நாம் புகலிடத்தில் போதுமான அளவு கண்டுவிட்டோம். நிலம் கிடைத்ததும் உண்மை, 1950இன் திருமணச் சட்டம் பெண்ணுக்கு மணவிலக்கு உரிமை தந்ததும் உண்மை, கிராமம் பட்டினியால் செத்ததும் உண்மை. எண்ணிப் பார்க்கும் பொறுப்பு அந்தப் பெயரை நேசித்தவர்களுக்கே அதிகம்.

நண்பர்கள் படத்தை மறுபடியும் பார்க்கட்டும். பார்த்தபின் நாவலையும் எடுத்து, ஜியாசென் அரிசியுடன் வீடு திரும்பும் பக்கங்களை வாசிக்கட்டும். அதன்பின் பேசுவோம்.