மான் கொம்பும் இடக்கையும்

திருநெல்வேலிச் சீமையின் கோயில் கொடைகளிலும் ஊர்வலங்களிலும் சிலம்பம் ஆடப்படும்போது கூட்டத்தின் கண் கம்பு வீச்சிலேயே லயித்திருக்கும். வாளோடு மான் கொம்பும் ஏந்தியவர் களம் இறங்கிய பிறகோ, ஆட்டத்தின் நுட்பமெல்லாம் இடக்கைக்குப் போய்விடுகிறது. மடுவு என்றும் வழங்கப்படும் இக்கருவி, வெளிமானின் இரு கொம்புகளை அடிப்பகுதி ஒன்றன்மேல் ஒன்று படியுமாறு எதிரெதிர்த் திசையில் வைத்துப் பிணைத்து, நடுவில் கைப்பிடி அமைத்துச் செய்யப்படுவது. முனைகளுக்கு உலோகப் பூண் இடுவதும், பிடித்த விரல்களை மறைக்கச் சிறு கேடயம் ஒன்றைப் பொருத்துவதும் உண்டு.

பெரிய கேடயம் ஏந்தியவர் உடம்பை அதன் பின்னே ஒளித்துக்கொள்ளலாம்; மான் கொம்பு அந்த வசதியைத் தருவதில்லை. வரும் அலகை நேருக்கு நேர் தாங்கினால் மணிக்கட்டு நோகும் என்பதால், தேர்ந்த ஆட்டக்காரர் கொம்பைச் சற்றே சாய்த்து வீச்சை ஏற்று, அதன் விசையைக் கொம்பின் நீளவாக்கில் வழியவிடுகிறார்; அப்போது கொம்பின் முறுக்கும் வரிவளையங்களும் வழுக்கி வரும் அலகைக் கணநேரம் பற்றி நிறுத்த, அதற்குள் வலக்கை வாள் திறந்த பக்கத்தில் புகுந்துவிடுகிறது. முழங்கை விலாவை விட்டு அதிகம் அகலாது. தடுத்த கொம்பின் மறுமுனை, கையைத் திருப்ப வேண்டிய தேவையே இன்றி, குத்துக்கு ஆயத்தமாக நிற்கும். தடுப்பு பெரிதாகக் கண்ணில் படுமானால் ஆடுபவர் இன்னும் தேறவில்லை என்றே கொள்ளவேண்டும். வரலாற்றுப் பாணியில் அமைந்த கணினி வாட்போர் விளையாட்டுகளில் உரிய நொடியில் பொத்தானை அழுத்தினால் தடுப்பு முடிந்துவிடுகிறது. களத்திலோ அந்த நொடியைக் காலடிதான் உண்டாக்கித் தரவேண்டும், கால் பிந்தினால் கை எவ்வளவு விரைந்தும் பயனில்லை.

இடக்கைக்கு இத்தகைய வேலை கொடுத்தது தமிழகம் மட்டுமன்று. இத்தாலியின் பொலோஞா நகர ஆசான் அக்கில்லே மரோட்சோ 1536இல் வெளியிட்ட நூல், வாளுக்குத் துணையாகக் குறுவாளையும் சிறு கேடயத்தையும் கையாளும் முறைகளை விரித்துரைக்கிறது. எனினும் அந்தக் குறுவாளுக்கு முனை ஒரு பக்கமே. முன்னும் பின்னும் குத்தவல்ல மான் கொம்பின் சிக்கனம் அதற்கு இல்லை.

தாமிரபரணிப் பகுதியில் வாட்கலைக்கு நெடிய பின்புலம் உண்டு. ஆதிச்சநல்லூர்த் தாழிக்காட்டில் இரும்பு வாள்களும் குறுவாள்களும் கிடைத்தன. 16ஆம் நூற்றாண்டைச் சேர்ந்த கிருஷ்ணாபுரம் கோயிலில் வாளும் கேடயமும் ஏந்திய வீரபத்திரர் போர்க்கோலத்தில் நிற்கிறார். பாஞ்சாலங்குறிச்சி வீழ்ந்த 1801ஆம் ஆண்டின் இறுதியில் சென்னை ஆளுநர் எட்வர்ட் கிளைவ் வெளியிட்ட பிரகடனம் இச்சீமை மக்கள் போர்க்கருவி ஏந்துவதைத் தடைசெய்தது. வாள் போன பின்னும் கம்பு கையில் இருந்தமையால், பழைய தடுப்பு முறைகளில் சில கம்பின் வழியே பிழைத்திருக்கக்கூடும்.

வெளிமான் 1972ஆம் ஆண்டின் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தால் காக்கப்படும் விலங்கு. ஆற்றை அடுத்த வல்லநாட்டில் அதற்கெனச் சரணாலயமே இருக்கிறது. ஆகவே இன்று மரத்திலோ இரும்பிலோ செய்த மாற்றுக் கொம்பே புழங்குகிறது, அதுவே முறையும் ஆகும். ஆனால் வழவழப்பான இரும்பில் அலகு நிற்காமல் நழுவிவிடும். இக்கருவியைச் செய்து தருவோர் அதன்மேல் வரிகளை வெட்டிக் கொடுத்தால், பழைய பிடிப்பில் ஒரு பகுதியேனும் ஆட்டக்காரருக்குத் திரும்பக் கிடைக்கும்.