மலைநாட்டுப் பாடல்களிற் பின்வருநிலை

முன்வந்த சொல்லே மீண்டும் மீண்டும் வருதல் பாட்டுக்கு அழகா, வறுமையா என்பது மலைநாட்டு வாய்மொழிப் பாடல்களை ஆராய்வார்முன் நிற்கும் வினா. நுவரெலியா, ஹட்டன் பகுதித் தேயிலைத் தோட்டங்களில் வழங்கிவந்த தாலாட்டு, கும்மி, ஒப்பாரி ஆகியவற்றில் ஒரு சொல் அடிதோறும் மீளக் கண்டு, அதனைக் 'கூறியது கூறல்' என ஒதுக்குவாரும் உளர்.

கூறியது கூறல் நன்னூலார் பொதுப்பாயிரத்துள் உரைக்கும் பத்துக் குற்றங்களுள் ஒன்று என்பது மெய்யே. ஆயின் அப்பத்தும் நூலுக்குரிய குற்றங்கள். பொருளை வரையறுத்துணர்த்த வேண்டிய நூல் சொன்னதையே சொல்லின் கற்பவன் மயங்குவான். பாட்டின் நெறியோ வேறு. தண்டியலங்காரம் இம்மீட்சியைப் பின்வருநிலை எனப் பெயரிட்டு அணிகளுள் வைத்தது. ஒரு சொல் வேறு பொருளில் மீள்வது சொற்பின்வருநிலை. ஒரு பொருள் வேறு சொற்களில் மீள்வது பொருட்பின்வருநிலை. இரண்டும் ஒருங்கு மீள்வது சொற்பொருட்பின்வருநிலை. ஒன்றன் இறுதி அடுத்ததன் முதலாகும் அந்தாதியைக் காரைக்காலம்மையாரும் நம்மாழ்வாரும் பத்தியின் வடிவமாகவே ஆக்கினர். ஆதலின், நூற்குற்றத்தைப் பாட்டின்மேல் ஏற்றுதல் பொருந்தாது.

தோட்டத்து வழக்கில் 'பேர்' என்னும் சொல் பெயரை மட்டுமன்றி ஒருநாள் வேலைக் கணக்கையும் குறிக்கும். கொழுந்தின் நிறை குறைந்தால் 'அரைப்பேர்' ஆகும். 'பேர் சொல்லி வேலைக்கு அழைத்தார். மாலையில் பேர் போடவில்லை' என ஒரு தொடரை அமைத்து நோக்குக. முன்னைய பேர் ஆளைக் குறிக்க, பின்னையது கூலியைக் குறிக்கின்றது. ஆளும் கூலியும் ஒரே சொல்லுள் அடங்கிய வாழ்வை விளக்க வேறோர் உரை வேண்டா. 1948 ஆம் ஆண்டுச் சட்டத்தாற் குடியுரிமையும், 1949 இல் வாக்குரிமையும் இம்மக்களிற் பெரும்பாலார்க்கு இல்லையாயின. வாக்காளர் இடாப்பிலும் பேர் இல்லாது போயிற்று என்னுமிடத்து அச்சொல் மூன்றாம் பொருளையும் ஏற்கின்றது.

ஒப்பாரியின் நிலை இதனினும் நுட்பமானது. இறந்தாரை விளிக்கும் சொல் ஆண்டு அடிதோறும் மீளும். அகராதிப் பொருள் மாறுவதில்லை. ஆயினும் முதல் விளி அழைப்பு. மறுமொழி வாராமையின் இரண்டாவது முறையீடு. மூன்றாவது, இனி வாராது என்னும் தெளிவு. சொல்லும் பொருளும் மாறாதிருக்க, சொல்வாளின் நெஞ்சமே மாறுகின்றது. இதனைச் சொற்பொருட்பின்வருநிலை என்று பெயரிட்டு அமைதல் போதாது. பெயரிட்டபின்னரே திறனாய்வு தொடங்குகின்றது.

எல்லா மீட்சியும் அணியாகா. இசைநிறைத்தற்கு வரும் அடுக்கிற்குத் தொல்காப்பியர் நான்கு என எல்லை வகுத்தார். மெட்டை நிரப்ப மட்டுமே வரும் சொல் இவ்வகையினது; அதனை மிகையாகப் புகழ்தலும் தவறே. மீண்டு வந்த சொல்லை நீக்கிப் பார்க்க: ஓசை மட்டும் குறையின் அது இசைநிறை, உணர்வும் குறையின் அணி.

மடகொம்பரைத் தோட்டத்திற் பிறந்து, 1947 இல் தலவாக்கலைத் தொகுதியின் பாராளுமன்ற உறுப்பினரான சி. வி. வேலுப்பிள்ளை (1914–1984) இப்பாடல்களைத் தொகுத்து அச்சேற்றியது பெரும்பணி. அப்பணியைத் தொடரும் மாணவர் மீண்டுவரும் சொல்லை 'மேற்படி' எனச் சுருக்காது, பாடியவர் எத்துணை முறை சொன்னாரோ அத்துணை முறையும் எழுதுதல் வேண்டும். ஒப்பாரியில் மூன்றாம் விளியை நீக்கின் எஞ்சுவது செய்தியே; அழுகை அன்று.