மாற்றீடும் மரபும்: கருவிக் குறிப்பேடு ஒன்றை முன்வைத்துச் சில கருத்துக்கள்

கருவிகளுக்கான பயன்பாட்டுக் குறிப்பேடுகளை இலக்கியத் திறனாய்வாளர் பொதுவாகப் பொருட்படுத்துவதில்லை. எனினும், எழுத்தைத் திருத்தும் கருவி ஒன்றின் குறிப்பேடு, எது பிழை, எது திருத்தம் என்ற வினாவோடு நேரடியாகத் தொடர்புடையது. ஆதலால் அதுவும் திறனாய்வுக்குரிய ஒரு பிரதியே.

சொல்லைத் தேடி மாற்றும் வசதி புதியதன்று. பெல் ஆய்வுகூடத்தில் கென் தொம்சன் 1969இல் ஆக்கிய உரைப்பதிப்பியிலேயே அது இருந்தது. இன்று அதனை இயக்குவது மனிதர் மட்டுமன்று. செயற்கை நுண்ணறிவு முகவர்களும் இயக்குகின்றன. ஆந்த்ரோபிக் நிறுவனம் 2024 அக்டோபரில் அறிமுகப்படுத்திய உரைப்பதிப்புக் கருவி இதற்கு உதாரணமாகும். பழைய தொடரையும் புதிய தொடரையும் முகவர் தரவேண்டும். பழைய தொடர் இடைவெளி உட்பட எழுத்துக்கு எழுத்து பொருந்தவேண்டும். அது காணப்படாவிடினும், ஒன்றுக்கு மேற்பட்ட இடங்களிற் காணப்படினும் மாற்றம் நிகழாது, பிழை அறிவிக்கப்படவேண்டும் என்பன அதன் குறிப்பேடு கூறும் அடிப்படை விதிகள்.

இவ்விதிகளில் ஒரு பதிப்பு நேர்மை உண்டு என்பதை மறுத்தல் இயலாது. 1887இல் சி. வை. தாமோதரம்பிள்ளை கலித்தொகையையும், உ. வே. சாமிநாதையர் சீவக சிந்தாமணியையும் பதிப்பித்தபோது ஏடுகளை ஒப்பிட்டு நோக்கிய உழைப்பின் சாரமும் இதுவே: இடத்தை ஐயமறத் தெரிந்தபின்பே எழுத்தைத் தொடுதல். ஆயின், இவ்விதிகள் தவறான இடத்தை மாற்றுவதையே தடுக்கின்றன. மாற்றக்கூடாத சொல்லை மாற்றுவதைத் தடுப்பதில்லை. சிக்கல் இங்கேதான் தொடங்குகிறது.

கல்முனைக்குடி, சாய்ந்தமருது, மருதமுனை, நிந்தவூர் முதலிய ஊர்களின் முஸ்லிம் மக்கள் வழங்கும் தமிழை எடுத்துக்கொள்வோம். அங்கு தந்தை வாப்பா, தாய் உம்மா, அண்ணன் காக்கா. இவ்வூர்க் கதையொன்றைப் 'பொதுத்தமிழாக்கும்'படி முகவர் ஒன்று ஏவப்படுகிறது எனக் கொள்வோம். 'காக்கா வயலைக் காக்காமல் உறங்கினார்' என்ற வாக்கியத்திற் காக்கா என்பதை எல்லா இடங்களிலும் அண்ணன் என மாற்றினால், 'அண்ணன் வயலைக் அண்ணன்மல் உறங்கினார்' என்பதே எஞ்சும். 'உம்மால்' என்ற சொல்லினுள்ளும் உம்மா இருக்கிறது. 'வாப்பாவின்' என்பது 'தந்தைவின்' ஆகும். வேற்றுமை உருபும் சந்தியும் சொல்லோடு ஒட்டி நிற்கும் மொழியில், எழுத்துத் தொடரும் சொல்லும் ஒன்றல்ல என்பதைக் குறிப்பேடு கருத்திற் கொள்ளவில்லை.

குறியேற்றத்திலும் இத்தகைய இடர் உண்டு. யுனிகோட்டில் 'கொ' என்பதன் உயிர்க்குறியை ஒரே குறியாகவும் எழுதலாம், இரு குறிகளாகவும் எழுதலாம். கண்ணுக்கு இரண்டும் ஒன்றே. எழுத்துக்கு எழுத்துப் பொருத்தம் தேடும் கருவிக்கோ அவை வேறு வேறு. இலங்கையிற் பாமினி எழுத்துருவில் தட்டச்சாகிப் பின்னர் மாற்றப்பட்ட ஏராளமான பிரதிகளைக் கையாள்வோர் இதனை மனங்கொள்ளல் வேண்டும்.

இவை தொழில்நுட்பக் குறைகள், தீர்க்கக்கூடியவை. தீராதது கருத்துநிலை சார்ந்த வினா. இலங்கை முஸ்லிம்கள் பலரிடையே தாத்தா என்பது மூத்த சகோதரி, தமிழகத்திற் பாட்டன். எவருடைய பொருளைக் கருவி 'சரி' எனக் கொள்ளும்? எழுத்துலகில் எவருடைய வழக்கு மிகுதியாக அச்சேறியதோ அவருடையதையே கொள்ளும். அச்சுச் சாதனங்கள் எவர் கையில் இருந்தன என்ற வரலாறு அவ்வாறு 'பொதுவழக்கு' என்ற பெயரில் மீண்டும் உற்பத்தியாகிறது. 1960களின் முற்பகுதியில் ஈழத்து எழுத்தாளர் பேச்சுவழக்கை இலக்கியத்திற் கையாண்டபோது, பண்டிதர் அதனை 'இழிசனர் வழக்கு' என்றனர். முற்போக்கு எழுத்தாளர் அம்மரபுப் போராட்டத்திற் பெற்ற வெற்றி, நெசவாளரும் மீனவரும் வயற்கூலியாளரும் தம் மொழியோடு இலக்கியத்தினுள் நுழைவதற்கான உரிமையாகும். அன்று மறுத்தவர் பெயர் கூறி வாதாடினர்; ஆகவே அவருக்கு விடை கூறவும் முடிந்தது. இன்றைய மாற்றீடு வாதாடுவதில்லை, ஓசையின்றி நிகழ்கிறது.

மாற்றத்துக்கு முன் காப்புப்பிரதி எடுத்துவைக்குமாறு குறிப்பேடு அறிவுறுத்துவது உண்மையே. காப்புப்பிரதி பழைய கோப்பைக் காக்கும். மாற்றத்தின் காரணத்தைக் காக்காது. பாடபேதம் குறித்த பதிப்பாசிரியர் வாசகரைத் தீர்ப்பாளராக மதித்தார். ஆதலால், தமிழுக்கான குறிப்பேடு மூன்று விதிகளையேனும் சேர்த்துக்கொள்ளல் அவசியம். முதலாவது, தேடுமுன் குறியேற்றத்தை ஒருமைப்படுத்தலும் சொல்லெல்லையை அறிதலும். இரண்டாவது, நீக்கிய பாடத்தையும் நீக்கிய காரணத்தையும் வாசகர் காணப் பதிதல். மூன்றாவது, வழக்குச் சொல்லை எழுதியவரின் இசைவின்றித் தொடாமை.

இயந்திரத்தில் உறைந்திருப்பது மனிதரின் கடந்தகால உழைப்பே என்பது மார்க்சின் முடிவு. மொழிக் கருவியில் உறைந்திருப்பது கோடிக்கணக்கான மனிதரின் பேச்சும் எழுத்துமாகும். அவர்களுள் கல்முனைக் கரையின் உம்மாமாரும் அடங்குவர் எனில், அவர்களின் சொல்லைத் திருத்துவதற்கு முன் அவர்களைக் கேட்பது சலுகையன்று, கடமையாகும்.