பட்டாம்பாக்கத்துப் பிளவு: கிறிஸ்தவ அறத்தீர்ப்பு பற்றி ஒரு விமர்சனம்

நன்மை எது, தீமை எது என்பதைக் கிறிஸ்தவர்கள் எவ்வாறு தீர்மானிக்கின்றனர் என்னும் வினாவுக்கு நம்மிடையே ஓர் ஆயத்த விடை உண்டு. அவர்களிடம் ஷரீஅத் இல்லை. பவுல் நியாயப்பிரமாணத்தின் கட்டை அவிழ்த்துவிட்டார். எஞ்சியவை தனிமனித மனச்சாட்சியும் காலத்தின் போக்குமே என்பது அவ்விடை. சமய ஒப்பீடு செய்யும் நம் எழுத்தாளர் பலரும் இதனைத் திரும்பத் திரும்பச் சொல்லி வந்துள்ளனர். ஆயினும் கிறிஸ்தவர்கள் குறிப்பிட்ட ஒரு சிக்கலில் தீர்ப்புக்கு வந்த வழியை அவர்கள் அருகிலிருந்து ஆராய்ந்ததாகத் தெரியவில்லை. அதற்குத் தொலைவு செல்ல வேண்டியதுமில்லை. கடலூரிலிருந்து பண்ருட்டி செல்லும் வழியில், நெல்லிக்குப்பத்தை அடுத்துள்ள மேல்பட்டாம்பாக்கம் போதும்.

1706இல் தரங்கம்பாடியில் தொடங்கிய லுத்தரன் பணி, மதம் மாறியோரின் சாதி வழக்கங்களைப் பெருமளவு அப்படியே விட்டுவைத்தது. ஆலயத்தில் தனித்தனி இருக்கை. திருவிருந்தில் யார் முன்னே, யார் பின்னே என்ற வரிசை. 1833இல் கல்கத்தா ஆங்கிலிக்கன் பேராயர் டேனியல் வில்சன் இவ்வழக்கங்களை ஒழிக்குமாறு சுற்றறிக்கை விடுத்தார். தஞ்சை வேதநாயக சாஸ்திரியார் போன்ற ஆழ்ந்த பக்தர்களே சாதி வழக்கத்தில் மிஷனரிகள் தலையிடுவதை எதிர்த்தனர் என்பது இன்று வாசிப்போருக்கு வியப்பளிக்கும். 1850இல் சென்னை மிஷனரி மாநாடு, சாதியை விட்டதற்குச் சான்றாகக் கூடியுண்ண வேண்டும் என்று கோரியது. தரங்கம்பாடிப் பணியின் வாரிசான லைப்சிக் மிஷன் இதற்கு உடன்படவில்லை.

அந்த மறுப்பைச் சோம்பலாகவோ அச்சமாகவோ கொள்வது பிழை. லைப்சிக் மிஷனின் இயக்குநர் கார்ல் கிரௌல் 1849 முதல் 1853 வரை இப்பயணத்தில் இருந்தவர். திருக்குறளை ஜெர்மனில் பெயர்த்த அளவுக்குத் தமிழ் கற்றவர். அவர் தரப்பின் வாதம், லுத்தரன் இறையியலின் 'அடியாஃபொரா' என்னும் கருத்தில் ஊன்றியிருந்தது. வேதம் ஏவவும் இல்லை, விலக்கவும் இல்லை என்ற வகைச் செயல்கள் அவை. நம் ஃபிக்ஹில் முபாஹ் என்பதற்கு ஏறத்தாழ இணையானவை. யாருடன் உண்பது என்பது நாட்டு வழக்கு. அதனை மீட்புக்கு நிபந்தனையாக்கினால் நற்செய்தியே புதியதொரு சட்டமாகிவிடும். உள்ளம் மாறட்டும், வழக்கம் தானே உதிரும் என்றனர். கொரிந்தியருக்கும் ரோமருக்கும் எழுதிய நிருபங்களில், உணவு விஷயத்தில் பலவீனமான சகோதரனின் மனச்சாட்சியைப் புண்படுத்த வேண்டாம் எனப் பவுல் அறிவுறுத்தியிருப்பது அவர்களுக்கு அரணாக அமைந்தது.

அதே மிஷனில் பணியாற்றிய கார்ல் ஓக்ஸ் இதனை ஏற்கவில்லை. 1850களின் இறுதியில் பிரிந்து, 1861இல் பட்டாம்பாக்கத்தில் 'பெத்தானியா' என்ற பெயரில் தனிப்பணியைத் தொடங்கினார். பின்னர் டென்மார்க் மிஷன் சங்கம் அவரைத் தன்னுடன் இணைத்துக்கொண்டது. 1873இல் அவர் மறைந்தார். அந்தப் பணியின் வழிவந்ததே கடலூரைத் தலைமையிடமாகக் கொண்ட ஆற்காடு லுத்தரன் திருச்சபை. லைப்சிக் மிஷனும் கடலூரிலும் சிதம்பரத்திலும் தொடர்ந்து இயங்கிற்று. ஒரே வேதம், ஒரே லூத்தர், ஒரே கடற்கரை. தீர்ப்புகள் மட்டும் இரண்டு.

இதைக் கண்டு, "பாருங்கள், அளவுகோல் இல்லாததன் விளைவு" என்று நம்மவர் முடித்துவிடக்கூடும். அளவுகோல் இருந்தது. அடியாஃபொரா பற்றிய சர்ச்சை அவர்களுக்குப் புதிதன்று. 1548இல் பேரரசர் ஐந்தாம் சார்லஸ் சில பழைய சடங்குகளைத் திணித்தபோது எழுந்த அச்சர்ச்சைக்கு 1577இல் ஒரு கொள்கை ஆவணம் விடை கண்டது: நடுநிலைச் செயல்களில் திருச்சபைக்கு உரிமை உண்டு, ஆனால் விசுவாசத்தை அறிக்கையிட வேண்டிய நெருக்கடியில் அதே செயல் நடுநிலையை இழந்துவிடும். கலாத்தியர் நிருபத்தில் ஒரு நிகழ்ச்சியும் உண்டு. அந்தியோகியாவில் புறஇனத்தாருடன் உண்டுகொண்டிருந்த பேதுரு, யூத மரபினர் சிலர் வந்ததும் விலகிக்கொண்டார். பவுல் அவரை நேருக்கு நேர் கண்டித்தார். உணவில் விட்டுக்கொடுக்கச் சொன்ன பவுலே பந்தியிலிருந்து எழுந்து போனதைப் பொறுக்கவில்லை. ஆக, பிணக்கு வேதத்திற்கும் மனச்சாட்சிக்கும் இடையே நிகழவில்லை. சாதிப்பந்தி எந்த வகையில் சேரும் என்ற வகைப்பாட்டில் நிகழ்ந்தது.

கிரௌல் தரப்பு சறுக்கிய இடமும் அதுவே என்பது என் கருத்து. 'பலவீனமான சகோதரன்' யார்? பந்தியில் சமமாக அமர மனம் ஒப்பாத வேளாளக் கிறிஸ்தவரை அவ்விடத்தில் வைத்து, அவர் மனம் நோகாதிருக்கக் காலம் கேட்டனர். பாத்திரம் கடைசியாகத் தம்மிடம் வரக் காத்திருந்த சேரிக்காரரின் மனம் என்னவாயிற்று என்ற வினா அவ்வாதத்தில் எழவே இல்லை. நந்தனாரைத் தீக்குள் இறக்கியே தில்லைக்குள் அனுமதித்த கதை வழங்கும் சிதம்பர வட்டாரத்தில் அவ்வினா எழாதது சாதாரண மறதியன்று. எனினும், கூடியுண்ணலைச் சோதனையாக வைத்தோரிடமும் ஒரு பிழை உண்டு. ஒரு வேளை உணவு ஒருவரின் கையை அசைக்குமே தவிர உள்ளத்துக்குச் சான்றாகாது. நிய்யத்தைப் பற்றிப் பேசும் நமக்கு இது புரியாததல்ல.

ரோமன் கத்தோலிக்கர் வழி வேறு. அறிவால் அறியத்தக்க இயற்கை நீதி உண்டு என்ற தாமஸ் அக்குவினாஸ் (1225-1274), இப்னு சீனாவையும் இப்னு ருஷ்தையும் கற்றவர். செயலின் நன்மை தீமையை அறிவு தானே உணருமா, வஹீ வந்தே உணர்த்த வேண்டுமா என்று முஃதஸிலாக்களும் அஷ்அரிய்யாக்களும் நடத்திய வாதத்தின் உறவுக்குரல் அங்குக் கேட்கும். அது தனிக்கட்டுரைக்கு உரியது.

பட்டாம்பாக்கத்துக்கே திரும்புவோம். கஃபாஅத் என்னும் திருமணப் பொருத்தத்தில் வமிசத்தையும் தொழிலையும் ஹனஃபி, ஷாஃபிஈ மத்ஹபுகள் கணக்கில் கொள்கின்றன. இமாம் மாலிக் (ரஹ்) மார்க்கப்பற்றையே முதன்மையாகக் கொண்டார். நபி (ஸல்) அவர்கள் தம் அத்தை மகள் ஸைனப் (ரலி) அவர்களை, அடிமைத்தளை நீங்கிய ஸைத் (ரலி) அவர்களுக்கு மணமுடித்து வைத்தார்கள் என்பதையும் நாம் அறிவோம். மரைக்காயர், லெப்பை, ராவுத்தர் என்று சோழமண்டலக் கரையில் சம்பந்தம் பேசும்போது எழும் தயக்கத்துக்குக் கஃபாஅத்தைக் காரணம் காட்டுவோர், அதே நூல்கள் அடுத்துச் சொல்வதை வாசிப்பதில்லை. கஃபாஅத் பெண்ணுக்கும் அவளுடைய வலீக்கும் உரிய உரிமை. அவர்கள் மனமுவந்து விட்டுக்கொடுத்தால் நிக்காஹ் செல்லும். உரிமை எப்போது கட்டளையாயிற்று, யாருடைய மனம் நோகாதிருக்க?