இடது சுட்டுவிரல் மை

2024 ஏப்ரல் 19. எக்கியார்குப்பத்தில் ஓட்டுப்போட நின்ற வரிசையில் விரல்களைத்தான் பார்த்துக்கொண்டிருந்தேன். வலை இழுத்துக் காய்த்தவை, மரக்காணம் உப்பளத்தில் வெடித்தவை. பெயர் சரிபார்த்ததும், அடுத்த மேசையில் இருந்த அலுவலர் என் இடது சுட்டுவிரலைப் பிடித்து எண்ணெய்ப்பசை போகத் துடைத்தார். நகத்தின் மேலிருந்து முதல் கணு வரை ஒரே இழுப்பு. சில்லென்றது.

1962 பொதுத்தேர்தலிலிருந்து புழங்கும் மை இது, மைசூரில் தயாராகிறது. இதிலுள்ள சில்வர் நைட்ரேட், தோலில் இருக்கும் உப்போடு சேர்ந்து சில்வர் குளோரைடாகிறது. அது தண்ணீரில் கரையாது, வெளிச்சம் பட்டால் கறுக்கும். உப்பு விளையும் கரைக்கு இதைவிடப் பொருத்தமான மை வேறெது! பூசும்போது ஊதா; வெயிலில் நடந்து வீடு சேர்வதற்குள் கருப்பு.

பொத்தானை அழுத்தியதும் ஓட்டைச் சரிபார்க்க உதவும் விவிபேட் கருவியின் கண்ணாடிக்குள் சீட்டு தெரிவது 7 விநாடிதான். மையோ தோலில் நாள்கணக்கில், நகத்தில் வாரக்கணக்கில் நிற்கிறது. கடல்தண்ணீர், மீன் செதில், பாத்திரம் தேய்க்கும் சோப்பு எதற்கும் அசையாது. நகம் வளர வளரக் கோடும் நுனியை நோக்கி நகர்கிறது. அவசரப்பட்டு அதைச் சுரண்டியெடுக்க எனக்கு ஒருநாளும் மனம் வந்ததில்லை.