சோழிகளும் அட்டவணைகளும்

லண்டனின் கோலியர்ஸ் வுட் கடைத்தெருவில் வாங்கிய தமிழ் நாள்காட்டி எங்கள் சமையலறையில் தொங்குகிறது. ராகு காலம் என்றும் ஒன்றரை மணி நேரம் என்கிறது அது. பகலை எட்டாகப் பகுத்து அதில் ஒரு பங்கை எடுப்பதே கணக்கு. லண்டனில் டிசம்பர் கடைசியில் அந்தப் பங்கு ஒரு மணி நேரத்தைக்கூடத் தொடாது. ஜூனில் இரண்டு மணி நேரத்தைத் தாண்டிவிடும். இந்தக் கணக்குகளைத் தமிழ்நாட்டில் யார் எழுதி வைத்தார்கள் என்று தேடத் தொடங்கி, காலனி அதிகாரிகளின் நூல்களில் வந்து நின்றேன்.

முதலில் வருவது ஜான் வாரனின் 'கால சங்கலித' (சென்னை, 1825). வாரன் படை அதிகாரி. சென்னை வானாய்வகப் பொறுப்பையும் சில ஆண்டுகள் பார்த்தவர். தமிழ் நாட்கணக்கை விளக்கும்படி சென்னை அதிகாரி எஃப். டபிள்யூ. எல்லிஸ் கேட்டதிலிருந்து வளர்ந்த நூல் இது. அதில் என்னால் மறக்க முடியாத காட்சி ஒன்று உண்டு. புதுச்சேரியில் பஞ்சாங்கம் கணிக்கும் ஒருவர் தரையில் அமர்ந்து சோழிகளைப் பரப்புகிறார். ஓர் எண்ணைக்கூட எழுதவில்லை. மனப்பாட வாக்கியங்களைச் சொல்லிச் சோழிகளைக் கூட்டிக் குறைத்து, 1825 மே 31 இரவின் சந்திர கிரகணத்தைக் கணித்துவிடுகிறார். தொடக்கத்தில் 4 நிமிடம், நடுவில் 23, முடிவில் 52 நிமிடம் பிசகியது. அவ்வளவுதான். ஏன் அப்படிக் கூட்டுகிறோம் என்ற கோட்பாடு அவருக்குத் தெரியாது என்கிறார் வாரன். எனக்கு அது குறையாகப் படவில்லை. தலைமுறைகள் தாண்டியும் கணக்கு சிதையாமல் வந்தது அந்த நினைவாற்றலால்தான். 1952இல் வானியல் வரலாற்றாய்வாளர் ஆட்டோ நாய்கபவர் வாரனின் இதே பக்கங்களை ஆராய்ந்து, அந்த முறையின் வேர்களைப் பாபிலோனியக் கணிதத்தில் கண்டார். 248 நாளில் நிலவின் வேகம் ஒன்பது முறை ஏறி இறங்கும் என்ற சுழற்சி இரண்டு மரபிலும் இருக்கிறது.

அடுத்து ராபர்ட் சிவெல். சென்னை சிவில் சர்வீஸ்காரர்; விஜயநகர வரலாற்றை எழுதியவர். சங்கர பாலகிருஷ்ண தீட்சித்தோடு சேர்ந்து 1896இல் 'இந்திய நாட்காட்டி' என்ற ஆங்கில நூலை வெளியிட்டார். பயனுள்ள நூல்தான், ஆனால் அதைத் தாண்டிச் சென்றவர் எல். டி. சுவாமிக்கண்ணுப் பிள்ளை. கூட்டுறவுச் சங்கங்களின் பதிவாளராக இருந்தவர். லண்டன் பல்கலைக்கழகச் சட்டப் பட்டமும் பெற்றவர். சென்னை மாகாணச் சட்டமன்றத் தலைவராக இருக்கும்போதே 1925இல் காலமானார். அவருடைய 'இந்தியன் எஃபிமெரிஸ்' (1922) கி.பி. 700 முதல் 1799 வரை ஒவ்வொரு நாளுக்கும் திதி, நட்சத்திரம், கிழமை தருகிறது. நான்கு லட்சத்துக்கும் மேற்பட்ட நாட்கள், கணினி இல்லாத காலத்தில்! கல்வெட்டில் அரசனின் ஆட்சியாண்டும் திதியும் கிழமையும் நட்சத்திரமும் இருந்தால், நான்கும் பொருந்தும் நாளை இதில் தேடிப் பிடிக்கலாம். முதலாம் ராஜராஜன் 985 ஜூன் 25க்கும் ஜூலை 25க்கும் இடையில் அரியணை ஏறினான் என்று கல்வெட்டறிஞர் கீல்ஹார்ன் நிறுவியதும் இப்படிக் கல்வெட்டு நாட்களை ஒட்டித்தான்.

இலக்கியத்துக்கு வரும்போது எனக்குப் பிள்ளையோடு உடன்பாடில்லை. பரிபாடலின் 11ஆம் பாட்டு, வையையில் புதுப்புனல் வந்தபோது எந்தக் கோள் எந்த ராசியில் நின்றது என்று அடுக்குகிறது. பிள்ளை அதை கி.பி. 634 என்று கணித்தார். கணக்கில் அவர் பெரும் வல்லவர். ஆனால் கல்வெட்டு ஒரு தானம் நடந்த நாளைப் பதிவு செய்கிறது. மழைக்கு உரிய கிரக நிலையைச் சொல்லும் புலவருக்கு அந்தக் கடமை இல்லை. சிலப்பதிகாரத்துக்கு அவர் சொன்ன கி.பி. 756 என்ற ஆண்டை வரலாற்றாசிரியர் ராமச்சந்திர தீட்சிதர் மறுத்தது சரியென்றே நினைக்கிறேன்.

எல்லிஸின் அறிவுலகத்தைத் தாமஸ் ட்ராட்மன் 2006இல் விரிவாக எழுதினார். அதே அக்கறையோடு எழுதப்படும் தகுதி பிள்ளைக்கு முழுமையாக உண்டு. பகலில் கிராமக் கடன் கோப்புகளைப் பார்த்தவர் இத்தனை லட்சம் வரிகளை எந்த நேரத்தில் நிரப்பினார்? பக்கத்தில் இருந்து கூட்டிக் கொடுத்தவர்கள், சரிபார்த்த பஞ்சாங்கக்காரர்கள் யார் யார்? சென்னை அரசின் நடவடிக்கைப் பதிவுகள் பிரிட்டிஷ் நூலகத்தில் இருக்கின்றன. கோலியர்ஸ் வுட்டில் ஏறினால் அதே ரயில் கிங்ஸ் கிராஸில் இறக்கிவிடும். அங்கிருந்து நடக்கும் தூரம்தான்.