மெய்யின் சொற்பிழை: மொழிபெயர்ப்பு நோக்கில் ஒரு திரைப்படம்

ஹயாவோ மியாசாகி 1988இல் இயக்கிய 'தொனாரி நொ தொதொரொ' என்னும் ஜப்பானிய அசைவூட்டத் திரைப்படத்தில் தாய் மருத்துவமனையில் இருக்கிறார்; அவர் வீடு திரும்பும் நாள் தள்ளிப்போகிறது. இந்நெருக்கடியை நான்கு வயது மெய் தன் கற்பனையால் எதிர்கொள்கிறாள். அக்கற்பனைக்கு அவளுடைய சொற்பிழையே வாயிலாகிறது.

ஐரோப்பியக் கதைகளில் வரும் 'ட்ரோல்' என்னும் பூதம் ஜப்பானியில் 'தொரோரு'. மெய்யின் வாயில் அது 'தொதொரொ'. மக்காச்சோளத்தைக் குறிக்கும் 'தோமொரொகொஷி' அவளுக்குத் 'தோமொகொரொஷி'. பின்னது, நம் உரையாசிரியர்கள் 'விசிறி - சிவிறி' எனக் காட்டும் எழுத்து நிலைமாற்றத்தை ஒத்தது. அண்டை வீட்டுப் பாட்டியின் தோட்ட விளைச்சலை உண்டால் தாய் நலம் பெறுவார் என நம்பி, அக்கதிரை ஏந்தியே மெய் தனியே புறப்பட்டு வழி தவறுகிறாள்.

இச்சொல்லை 'மக்காச்சோளம்' எனத் திருத்திப் பெயர்த்தால் பொருள் எஞ்சும், குழந்தை எஞ்சாள். 'மச்சாக்கோளம்' என்பது பொருந்தும்: இங்கும் இரு மெய்களே இடம் மாறுகின்றன. ஆயின் அவள் பேச்சு முழுவதையும் மழலையாக்குதல் தவறு. அவளுடைய தொடர்கள் செம்மையானவை. சில சொற்களே பிறழ்கின்றன.

மெய் பூதத்தைக் கண்டதாகக் கூறும்போது தந்தை மறுப்பதில்லை. காட்டின் தலைவனைக் கண்டிருப்பாள் என ஏற்கிறார். மொழிபெயர்ப்பாளர் கொள்ளத்தக்க நிலையும் அதுவே.